ராணி, பணித் தேனீ, ஆண் தேனீ: யாருக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனீப் பெட்டியை முதன்முதலாகத் திறந்து பார்த்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எண்கள் எல்லாம் இத்தாலியத் தேனீக்கு உரியவை. இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

1. ஒரு பெட்டிக்குள்ள மொத்தம் எத்தனை வகைத் தேனீ இருக்கு?

மூன்று. ராணி ஒன்றே ஒன்று. பணித் தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல பூக்காலத்தில் வலுவான குடும்பத்தில் 40,000 முதல் 60,000 வரை போகும். இந்தியத் தேனீக் குடும்பம் இதைவிடச் சிறியது. ஆண் தேனீக்கள் பருவத்தைப் பொறுத்துச் சில நூறு இருக்கும், சில மாதங்களில் ஒன்றுகூட இருக்காது. ராணியும் பணித் தேனீயும் பெண்கள். செவிலி, காவல், தேன் சேகரிப்பு என்று சொல்வதெல்லாம் தனி வகைகள் அல்ல. ஒரே பணித் தேனீ தன் வாழ்நாளில் அடுத்தடுத்து எடுக்கும் வேலைகள் அவை.

2. பெரிசா ஒண்ணு இருந்துச்சு, ராணின்னு நினைச்சேன். ஆண் தேனீன்னு சொல்லிட்டாங்க. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

தலையைப் பாருங்கள். ஆண் தேனீயின் இரண்டு பெரிய கண்களும் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தலை முழுக்கக் கண்ணோ என்று தோன்றும். உடல் குண்டு, வால்முனை மழுங்கியது. ராணியின் வயிறு நீண்டு கூம்பியிருக்கும், மடித்த இறக்கை அதில் பாதியோடு நின்றுவிடும்.

கொடுக்கிலும் வேறுபாடு உண்டு. ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பணித் தேனீயின் கொடுக்கில் பின்நோக்கிய முட்கள் இருப்பதால் நம் தோலில் சிக்கிப் பிய்ந்துவிடும், தேனீயும் செத்துவிடும். ராணியின் கொடுக்கு ஏறக்குறைய வழவழப்பானது, பலமுறை குத்த முடியும். ஆனால் அதை அது மற்ற ராணிகளுக்காகத்தான் வைத்திருக்கிறது.

3. ராணிதான் எல்லாருக்கும் உத்தரவு போடுதா?

இல்லை. பெயர்தான் ராணி. நெடுங்காலம் அதை ‘அரசன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் அதை அறுத்துப் பார்த்து உள்ளே சூலகம் இருப்பதைக் காட்டினார். பூக்கால உச்சத்தில் நாளொன்றுக்கு 1,500 முட்டைக்குக் குறையாமல் வைக்கும் ஒரு தாய் அது. ஆட்சி எதுவும் அதன் கையில் இல்லை.

எந்த முட்டையை எங்கே வைப்பது என்பதைக்கூடப் பணித் தேனீக்கள் கட்டிய அறைதான் தீர்மானிக்கிறது. ராணி முன்கால்களையும் தலையையும் அறைக்குள் விட்டு அகலத்தை அளக்கும். சிறிய அறை என்றால் கருவுற்ற முட்டை, அகன்ற அறை என்றால் கருவுறாத முட்டை. எவ்வளவு ஊட்டுகிறார்களோ அவ்வளவுதான் முட்டையும் வரும்.

ராணியின் செல்வாக்கு அதன் வாசனையில் இருக்கிறது. தாடைச் சுரப்பியிலிருந்து வரும் பொருளைச் சுற்றி நிற்கும் எட்டுப் பத்துத் தேனீக்கள் நக்கியும் தடவியும் எடுத்துக் கூடு முழுக்கப் பரப்புகின்றன. ‘தாய் இருக்கிறாள்’ என்ற செய்தி அது. அது நின்றால் சில மணி நேரத்தில் கூட்டுக்குத் தெரிந்துவிடும்.

4. ஒரே முட்டைதான் ராணியாவும் ஆகும், வேலைக்காரியாவும் ஆகும்கிறாங்களே, எப்படி?

தீனியால். முட்டை மூன்று நாளில் பொரியும். முதல் சில நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் செவிலித் தேனீக்கள் தலைச் சுரப்பியிலிருந்து வரும் கூழைத்தான் ஊட்டுகின்றன. பணித் தேனீக்கு அந்தக் கூழே கிடைப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மூன்றாம் நாளுக்குப் பிறகு அதன் தீனியில் தேனும் மகரந்தமும் கலக்கும், அளவும் குறையும். ராணியாகப் போகும் புழுவோ கடைசிவரை அரசக்கூழில் மிதக்கும். அதன் அறையும் வேறு: வேர்க்கடலை போலக் கீழ்நோக்கித் தொங்கும்.

முட்டை வைத்த நாளிலிருந்து முழுத் தேனீயாக வெளிவர ராணிக்கு 16 நாள், பணித் தேனீக்கு 21, ஆணுக்கு 24. இந்தியத் தேனீயில் பணித் தேனீ ஓரிரு நாள் முன்னதாகவே வந்துவிடும். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 12-ஆம் கேள்விக்குப் பிறகு எல்லாக் கணக்கும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

5. ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாதாமே, நிஜமா?

நிஜம். கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் வருகிறது. யோகான் ஜீர்சோன் என்ற பாதிரியார் 1845-இல் இதை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. அப்பா இல்லை, ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கை நடந்தால், கருவுற்ற முட்டைகளில் ஒரு பங்கு பெண்ணாகாமல் இரட்டைக் குரோமோசோம் ஆணாக உருவாகும். பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே பணித் தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடும். ராணி நன்றாக முட்டை வைத்தும் மூடிய புழு அடை (புழு அறைகளுக்கு மெழுகு மூடி போட்ட அடை) சல்லடை போல ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால், நோய் எதுவும் இல்லையென்றால், இதைச் சந்தேகிக்கலாம். ஒரே தாய்க் குடும்பத்திலிருந்து எல்லாப் பெட்டிகளையும் பெருக்கியவர்களுக்கு இது வரும்.

6. வேலைக்காரத் தேனீ பிறந்ததுல இருந்து சாகுற வரைக்கும் என்னென்ன பண்ணும்?

வெளிவந்த அன்று அது வெளிறி, சாம்பல் பூத்த மயிரோடு, மெத்தென்று இருக்கும், கொட்டவும் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாள் அறைகளை நக்கிச் சுத்தம் செய்யும். மெருகேறாத அறையில் ராணி முட்டை வைக்காது. பிறகு வளர்ந்த புழுக்களுக்குத் தேனும் மகரந்தமும் ஊட்டும். ஆறாம் நாள் வாக்கில் தலைச் சுரப்பி நிறைந்து, சுமார் 12-ஆம் நாள் வரை செவிலியாக இளம் புழுக்களுக்கும் ராணிக்கும் கூழ் தரும். இந்த நாட்களில் அது மகரந்தத்தை அள்ளித் தின்னும். மகரந்தம் இல்லாத பெட்டியில் சர்க்கரைப் பாகை எவ்வளவு ஊற்றினாலும் புழு பெருகாததற்குக் காரணம் இதுதான்.

சுமார் 12 முதல் 18 நாள் வரை வயிற்றின் அடிப்புறம் நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள் வேலை செய்யும். மெழுகு மெல்லிய செதிலாக வரும். அதைக் காலால் எடுத்து வாயில் மென்று அடை கட்டும். வெளியிலிருந்து வரும் மதுரத்தை, அதாவது பூவின் இனிப்புச் சாற்றை, வாயோடு வாய் வாங்கி, ஈரத்தை இறக்கி அறைகளில் வைப்பதும், செத்த தேனீயை இழுத்து வெளியே போடுவதும் இந்த வயதில்தான். மகரந்தம் மட்டும் கைமாறுவதில்லை. கொண்டுவந்த தேனீயே புழுவுக்குப் பக்கத்து அறையில் காலை விட்டு உருண்டையை உதறிவிட்டுப் போய்விடும்; வீட்டுத் தேனீ ஒன்று தலையால் முட்டி அதை அமுக்கி வைக்கும்.

பிறகு சில நாள் வாசற்காவல். மூன்று வாரம் ஆனதும் வெளிவேலை: மதுரம், மகரந்தம், தண்ணீர், பிசின். பூக்காலத்தில் மொத்த ஆயுள் ஐந்தாறு வாரம்தான். கிழத் தேனீயின் மயிர் உதிர்ந்து உடல் பளபளக்கும், இறக்கை ஓரம் கிழிந்திருக்கும். கடுங்குளிர் உள்ள இடங்களில் புழு வளர்க்காமல் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வாழும் தேனீக்கள் பல மாதம் இருக்கும்.

7. இந்த நாள் கணக்கு அப்படியே பிசகாம நடக்குமா?

நடக்காது. இயல்பான குடும்பத்தின் சராசரி அது, அவ்வளவுதான். கிழத் தேனீக்கள் நிறைய இருந்தால் அவற்றின் உடலிலிருந்து பரவும் ஒரு பொருள், இளசுகள் வெளியே போவதைத் தள்ளிப்போடும். கிழங்கள் குறைந்தால் அந்தத் தடை விலகி, ஒரு வாரத் தேனீகூட வெளிவேலைக்குக் கிளம்பிவிடும். செவிலிகள் இல்லாமல் போனால் கிழங்களில் சில திரும்பிவந்து, சுருங்கிய சுரப்பி மறுபடி ஊறி, கூழ் கொடுக்கும். வயது வழிகாட்டும், தேவைதான் முடிவு செய்யும். 15, 16-ஆம் கேள்விகள் முழுக்க இதைப் பற்றியவை.

8. சட்டத்தைத் தூக்கினா பாதித் தேனீ சும்மா உட்கார்ந்திருக்கு. சோம்பேறிங்களா?

சட்டம் என்பது பெட்டிக்குள் தொங்கும், அடை கட்டிய மரச் சட்டகம். 1950-களில் ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லிண்டௌவர் ஒரே ஒரு தேனீக்கு எண்போட்டு, அதன் வாழ்நாளில் 170 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார். ஏறக்குறைய 40 சதவீத நேரம் அது சும்மா இருந்தது. இன்னொரு பெரும்பங்கு நேரம் அறை அறையாகத் தலையை விட்டுப் பார்த்துச் சுற்றியது. அந்தச் சுற்றல்தான் அதற்கு வேலை தேடித் தருகிறது. மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் அவரவர்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

தவிர, சும்மா இருப்பதாகத் தெரிவதில் சில உண்மையில் அடுப்புகள். புழுப் பகுதி 34–35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்கவைத்துச் சில தேனீக்கள் சூடேற்றுகின்றன. மூடிய புழுக்களின் நடுவே வெற்றறையில் தலையை முதலில் விட்டுப் புகுந்து, வயிற்று நுனி மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் தேனீயைப் பாருங்கள். அது சுற்றியுள்ள கூட்டுப்புழுக்களுக்கு வெப்பம் தந்துகொண்டிருக்கலாம்.

9. எங்க பூ இருக்குன்னு ஒண்ணு இன்னொண்ணுக்கு எப்படிச் சொல்லுது?

ஆட்டத்தால். செங்குத்தான அடையில் வயிற்றை ஆட்டியபடி நேராக ஓடி, சுற்றி வந்து, மறுபடி ஓடும். நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் திசை. எவ்வளவு சாய்கிறதோ சூரியனிலிருந்து அவ்வளவு விலகல். ஆட்டம் ஏறக்குறைய ஒரு விநாடி நீடித்தால் சுமார் ஒரு கிலோமீட்டர். இதைப் படித்துக் காட்டிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஆட்டமும் உண்டு. சுமையோடு வந்த தேனீக்கு மதுரத்தை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்க வெகுநேரமானால், அது உடல் நடுங்க அடையெங்கும் நடந்து, வாங்கும் வேலைக்கு ஆள் சேர்க்கும்.

10. ஆண் தேனீ வெறும் தண்டச்சோறுதானே? புழுவா இருக்கும்போதே வெட்டிப் போட்டுடலாமா?

கூட்டுக்குள் அது உழைப்பதில்லை, தேன் தின்னும், உண்மைதான். ஆனால் அடுத்த தலைமுறை ராணிக்கு அதுதான் வேண்டும். வெளிவந்து சுமார் 12 நாளில் முதிர்ந்து, பிற்பகல்களில் பல குடும்பத்து ஆண்களும் கூடும் வான்வெளிக்குப் போகும். இணைசேர்ந்ததும் செத்துவிடும். ராணி 10 முதல் 20 ஆண்களோடு இணையும். அது ஒரே பறப்பிலும் முடியலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். சேமித்த விந்தணுக்களைக் கொண்டே ஆயுள் முழுதும் முட்டை வைக்கும், மறுபடி இணைசேராது. எல்லாரும் ஆண் அடையை வெட்டினால் 5-ஆம் கேள்வியில் சொன்ன சல்லடை அடைதான் மிச்சம்.

வெட்ட ஒரு நியாயமான காரணம் உண்டு: தேனீயின் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணி ஆண் புழுவை அதிகம் நாடும் என்பதால், மூடிய ஆண் அடையை எடுத்து அழிப்பது ஒரு கட்டுப்பாட்டு முறை. இது இத்தாலியத் தேனீக்குப் பொருந்தும். 24-ஆம் நாளுக்குள் எடுக்க மறந்தால் உண்ணியை நீங்களே வளர்த்துவிட்டதாகும்.

இந்தியத் தேனீயில் ஆண் அறை மூடியின் நடுவே ஊசித் துளை இருக்கும். நோய் என்று பயப்படாதீர்கள், அது இயல்பு.

11. வாசல்ல ஆண் தேனீயை இழுத்து வெளியே தள்ளுதுங்க. ஏன்?

மதுரமும் மகரந்தமும் வெளியிலிருந்து வரும் வரத்து குறைந்துவிட்டது. பஞ்சம் தெரிந்ததும் முதலில் ஆண்களுக்குத் தீனி நிற்கும், பிறகு வெளியேற்றம். உடனே தேன் இருப்பைப் பாருங்கள். எல்லாப் பெட்டியும் துரத்தும்போது ஒரு பெட்டி மட்டும் ஆண்களை வைத்துக்கொண்டிருந்தால் அங்கே ராணி இல்லாமல் இருக்கலாம்.

12. ராணி கண்ணுலயே படல. செத்துடுச்சா?

ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் அறையின் அடிக்குப் போகும்படி சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் முட்டை ஒரு நாள் ஆனது, சாய்ந்தது இரண்டாம் நாள், படுத்தது மூன்றாம் நாள். முட்டை இருந்தால் மூன்று நாளைக்குள் ராணி இருந்திருக்கிறது. பெட்டியை மூடிவிடலாம்.

முட்டை இல்லை, புழு மட்டும் இருக்கிறது என்றால் கணக்குப் போடுங்கள். ராணி திடீரென இறந்தால் தேனீக்கள் பொரிந்து ஓரிரு நாளே ஆன புழுவைத் தேர்ந்தெடுக்கும். சுமார் 12 நாளில் புது ராணி வெளிவரும். முதிர்ந்து இணைசேர்ந்து முட்டை வைக்க இன்னும் ஒன்றரை முதல் இரண்டு வாரம். ஆக, மொத்தம் நான்கு வாரம் வரை பொறுக்க வேண்டும். பலர் மூன்றாம் வாரத்தில் பொறுமை இழந்து தினமும் பெட்டியைக் கலைக்கிறார்கள், இணைசேர்ந்து திரும்பும் ராணி வாசலில் குழம்பிவிடுகிறது. இணைசேர முடியாமல் மூன்று நான்கு வாரம் தாண்டினால் அது ஆண் முட்டை மட்டுமே வைக்கும்.

13. ராணி அறை கட்டியிருக்கு. கிள்ளிப் போடவா?

முதலில் எங்கே, எத்தனை என்று பாருங்கள். அடையின் கீழ் ஓரத்தில் பத்துக்கும் மேல் வரிசையாக, வெவ்வேறு வயதில் இருந்தால் கூட்டம் பிரியப் போகிறது. அடையின் நடுமுகத்தில் ஒன்று முதல் நான்கு இருந்தால் வயதான ராணியை மாற்றுகிறார்கள், தொடாதீர்கள். சாதாரணப் பணித் தேனீ அறையையே வளைத்துக் கீழ்நோக்கி நீட்டியிருந்தால் ராணி திடீரென இறந்த அவசர ஏற்பாடு; அதைக் கிள்ளினால் குடும்பத்தையே அழித்ததாகும்.

பிரிவதற்கான அறைகளைக் கிள்ளினாலும் தீர்வல்ல, மறுபடி கட்டும். மூடிய அறைகள் இருந்தால் பழைய ராணி ஏற்கெனவே ஒரு கூட்டத்தோடு போயிருக்கக்கூடும். அப்போது எல்லாவற்றையும் கிள்ளினால் தாயும் இல்லை மகளும் இல்லை. நீங்களே பிரித்துவிடுவது நல்லது.

14. ஒரே அறையில நாலு முட்டை இருக்கு. ராணி நல்லா வைக்குதுன்னு அர்த்தமா?

அநேகமாக ராணியே இல்லை என்று அர்த்தம். புழுவின் வாசனையும் ராணியின் வாசனையும் நின்று மூன்று நான்கு வாரமானால் சில பணித் தேனீக்களின் சூலகம் விழித்துக்கொள்ளும். இந்தியத் தேனீயில் இன்னும் சீக்கிரம். அவற்றின் வயிறு குட்டை, அறையின் அடியை எட்டாது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். இணைசேராதவை என்பதால் வருவதெல்லாம் ஆண், சிறிய அறையில் தோட்டாவைப் போல மூடி புடைத்து நிற்கும். புதிதாகத் தொடங்கிய இளம் ராணியும் சில நாள் இரண்டிரண்டாக வைக்கலாம். ஆனால் அவை அடியில், நடுவில் இருக்கும்.

இந்த நிலையில் புது ராணியைப் போட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். வாரம் ஒரு முறை, வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைத் தேனீயை உதறிவிட்டுக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவை ராணி அறை கட்டத் தொடங்கினால் திருந்திவிட்டது. தேனீ எண்ணிக்கை குறைந்துபோயிருந்தால் இந்த முயற்சி வீண். வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

15. பெட்டியை ரெண்டாப் பிரிச்சேன். மறுநாள் ஒரு பெட்டியில தேனீயே இல்ல!

வெளிவேலைத் தேனீக்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. அவை நினைவில் வைத்திருப்பது இடத்தை, பெட்டியை அல்ல. புதுப் பெட்டியில் தங்குவது இன்னும் வெளியே போய்ப் பழகாத இளசுகள் மட்டும். அவை போதாவிட்டால் ஓரப் புழுக்கள் குளிரில் செத்துக் கறுக்கும். இந்தியத் தேனீ என்றால் மிச்சமும் பெட்டியை விட்டு ஓடிவிடும்.

அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பிரியுங்கள். புதுப் பெட்டிக்கு மூடிய புழுச் சட்டம் இரண்டு, முட்டையும் இளம் புழுவும் உள்ளது ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ளது ஒன்று. ராணி எந்தச் சட்டத்தில் என்று உறுதிசெய்த பிறகு, இன்னும் இரண்டு புழுச் சட்டங்களை எடுத்து முதலில் லேசாக ஒரு குலுக்கு. கிழங்கள் பறந்துவிடும், அடையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பவை செவிலிகள். அவற்றைப் புதுப் பெட்டிக்குள் பலமாக உதறுங்கள். வாசலை ஓரிரு தேனீ போகும் அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். முதல் சில நாள் தண்ணீர் கொண்டுவரக்கூட ஆள் இருக்காது, நீர்த்த சர்க்கரைப் பாகு உள்ளேயே வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோக முடிந்தால் இந்தச் சிரமமெல்லாம் இல்லை.

16. பக்கத்துத் தோட்டத்துல மருந்து அடிச்சாங்க. வெளிய போன தேனீ எல்லாம் போச்சு. உள்ள இருக்கிறது தாங்குமா?

உடனடிச் சேதம் தெரிவதைவிட இரண்டாவது அடிதான் மோசம். 7-இல் சொன்னபடி செவிலிகள் வயதுக்கு முன்பே வெளியே கிளம்பும். அவை சீக்கிரம் சாகும், உள்ளே புழுவுக்கு ஊட்ட ஆளிருக்காது. நஞ்சு கலந்த மகரந்தம் அடையில் இருந்தால் அதைத் தின்பதும் செவிலிதான்.

சந்தேகமான மகரந்தச் சட்டங்களை எடுத்துவிடுங்கள். தேனீ மூட முடியாத வெற்றுச் சட்டங்களையும் எடுத்துப் பெட்டியைச் சுருக்குங்கள். பாகும் தண்ணீரும் உள்ளேயே கொடுத்தால் வெளியே போகும் அவசரம் தணியும். வேறு பெட்டியிலிருந்து, வெளிவரத் தயாராக உள்ள மூடிய புழுச் சட்டம் ஒன்று கொடுக்கலாம். அதிலிருந்து சில நாளில் செவிலிகள் கிடைப்பார்கள். இன்று வைத்த முட்டை வெளிவேலைக்கு வர 21 நாளும் மேலே மூன்று வாரமும் ஆகும். அதுவரை அந்தப் பெட்டியிலிருந்து தேன் எதிர்பார்க்காதீர்கள்.

17. சாயங்காலம் வாசல் முன்னாடி நூத்துக்கணக்குல பறக்குது. திருட்டா, கூட்டம் பிரியுதா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, மேலும் கீழுமாக மிதந்து, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இளசுகள் வீட்டை மனப்பாடம் செய்கின்றன. கால் மணி அரை மணியில் அடங்கிவிடும். திருட்டு என்றால், தேன் திருட வந்த வேறு பெட்டித் தேனீக்கள் பக்கவாட்டில் அலைந்து, இடுக்குகளில் நுழையப் பார்க்கும், வாசலில் கட்டிப்புரளும், உள்ளிருந்து வயிறு புடைத்து வெளியேறும். இருட்டும் வரை ஓயாது.

18. காவல் தேனீ பக்கத்துப் பெட்டித் தேனீயைச் சில நாள் விடுது, சில நாள் கொல்லுது. என்ன கணக்கு?

வரத்துதான் கணக்கு. காவல் தேனீ வருபவரின் உடல் வாசனையை உணர்கொம்பால் தொட்டுப் பார்க்கும். பூக்காலத்தில், அதுவும் மதுரம் சுமந்து வழிதவறி வந்தால், அநேகமாக விட்டுவிடும். பஞ்சத்தில் காவல் எண்ணிக்கையும் கூடும், சகிப்பும் போகும். ஆகவே இரண்டு குடும்பங்களைச் சேர்ப்பதாக இருந்தால், வேண்டாத ராணியை முந்தின நாளே எடுத்துவிட்டு, மாலையில், நடுவே ஒரு செய்தித்தாள் விரித்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். ஆணியால் நாலைந்து துளை போட்டால் போதும். தாளைக் கடித்துத் துகளாக வெளியே தள்ளி முடிப்பதற்குள் இரு வாசனையும் கலந்திருக்கும். மறுநாள் வாசலில் காகிதத் தூள் கிடந்தால் வேலை நடக்கிறது. ஒரு வாரம் திறக்க வேண்டாம்.